அம்மாவின்ர பிஸ்கற் ரின்

அம்மாவிடம் ஒரு பிஸ்கற் ரின் இருக்கு. அதற்குள் பிஸ்கற் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. முழுக்க வாழ்த்து மடல்கள்தான். நத்தாருக்கு வந்தது, புதுவருசத்துக்கு வந்தது, பொங்கலுக்கு வந்தது, திறந்தால் பாட்டுப் படிக்கிறது எண்டு பெரிய கட்டு.

போன வருசம் கம்பஸ் லீவில் வந்து நின்றபோது அதை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். கட்டியிருந்த ரப்பர் பாண்ட் இளகி மேல் மடலோடு ஒட்டிப்போயிருந்தது. ரின்னின் அடி கறள். சில மடல்களின் ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது.

அதில் ஒன்று கடையில் வாங்காதது. கொப்பி மட்டையை மடித்துச் செய்தது. பஸ்ரலால் கீறின பானை, கரும்பு, பெரிய சூரியன், மூலையில் ஒரு புறா. உள்ளே ‘தைப்பொங்கல் 1995’ எண்டு பேனையால் எழுதியிருந்தது.

அது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத, பொருளாதாரத் தடை இருந்த காலம். பத்திரிகையே கொப்பித் தாளில் அச்சானது. அம்மாவின் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே மடல் கீறிக் கொடுத்தார்களாம். அந்தத் தை மாதம்தான் சண்டை நிறுத்தம் வந்தது. புறா அதற்காக. ஏப்ரலில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஒக்டோபர் 30 வலிகாமமே ஒரே இரவில் வெளிக்கிட்டது. அம்மா தென்மராட்சிக்குப் போனா, மடல் தந்த சினேகிதி பிறகு வன்னிக்கு. அதோடு தொடர்பு இல்லை. அம்மாவின் பள்ளிக்கூடப் பையில் உடுப்பு, சான்றிதழ்களோடு இந்த மடலும் போயிருக்கு.

இப்படி ஒரு சாமானைப் பூச்சிக்கு விடலாமா? நான் அம்மாவிடம் கேட்காமலே போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணினேன்.

மெழுகுப் பஸ்ரல் 60 பாகைக்குக் கிட்டவே இளகிவிடும். அந்த மெசின் 100 பாகைக்கு மேல் சூடாகும். இதெல்லாம் பிறகுதான் தேடிப் படித்தேன். மெசினுக்குள்ளால் வெளியில் வந்தபோது சூரியன் வழிந்து பானைக்குள் இறங்கியிருந்தது. புறா ஒரு அழுக்குக் கறை. ஒட்டின பிளாஸ்ரிக்கை உரிக்கவும் ஏலாது, உரித்தால் மட்டையும் சேர்ந்து வரும்.

அம்மா ஏசுவா எண்டு நினைத்தேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொங்கி வழிஞ்சிட்டுது போல" எண்டு மட்டும் சொன்னா. அண்டைக்கு இரவு அவ சரியாச் சாப்பிடேல்லை.

மிச்ச மடல்களையாவது ஒழுங்காக வைக்கவேணும் எண்டு அதற்குப் பிறகுதான் பழகினேன். உங்கட வீட்டிலும் இப்படி ஒரு ரின் இருக்கும், அதனால் சொல்கிறேன். லமினேற் வேண்டாம், செலோரேப் வேண்டாம், ரப்பர் பாண்ட் வேண்டாம். பத்திரிகைத் தாளில் சுற்றவும் வேண்டாம், அது மஞ்சளாகி மடலையும் மஞ்சளாக்கும். பாட்டு மடலில் இருக்கும் சின்ன பற்றரியை மெதுவாகக் கழற்றிவிடுங்கோ, கசிந்தால் தாளை அரிக்கும். அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, மட்டைப் பெட்டியில் படுக்கையாக அடுக்குங்கோ. மாரி மழைக்கு ஈரம் பிடிக்கிற சுவரோடு வைக்காதீங்கோ. முன், பின், உள்பக்கம் மூன்றையும் படம் எடுங்கோ. எல்லாத்துக்கும் முதல், ஆர் தந்தது எண்டு வீட்டில் கேட்டு எழுதி வையுங்கோ. படம் அழிந்தாலும் அந்தக் கதை மிஞ்சும்.

நானும் அப்படித்தான் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியாக அந்த மடல். உள்ளே பேனை எழுத்து நல்லகாலம் தப்பியிருந்தது. கீழே ஒரு வரி: ‘அடுத்த பொங்கலுக்கு எங்கட வீட்டை வா.’

"அந்த வீடு எங்கயம்மா?"

"வெளிக்கிடு, காட்டுறன்."

சைக்கிளில் பத்து நிமிசம்தான். இவ்வளவு காலமும் அம்மா அந்த ஒழுங்கைக்குள் போனதே இல்லையாம். இப்ப அது வெறும் வளவு, கிணறு மட்டும் கிடக்கு. அம்மா கிணற்றுக்கட்டில் கொஞ்சநேரம் இருந்தா. நான் ஒரு படம் எடுத்தேன். அதைக் கழுவுவித்து, பின்னால் திகதி எழுதி, மடலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தமுறை அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்தேன்.