உளி பிடித்த கை

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் காலையில் நடந்தால், இரண்டு பக்கமும் பட்டறைகளிலிருந்து உளிச் சத்தம் கூடவே வரும். இங்கே செதுக்கும் கற்சிற்பங்களுக்கு 2017ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் போனது சிற்பம் பார்க்க அல்ல, கை பார்க்க. எனக்குத் தெரிந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் விடுமுறை நாளில் பட்டறைகளுக்குப் போய்வருவார். அன்று நானும் கூடப் போனேன்.

முதலில் ஒரு பெரியவர். கொட்டகை நிழலில் சம்மணமிட்டு, பிள்ளையாரின் துதிக்கை மடிப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி என்று எண்ணத் தொடங்கி, எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

"கை முட்டியில வலி, மேடம். டீ டம்ளரைத் தூக்கினா கூட சுரீர்னுது. ஆனா சுத்தி தூக்காம முடியுமா?"

"முஷ்டி பிடிச்சு மேல தூக்குங்க ஐயா. நான் அமுக்குவேன், விட்டுடாதீங்க."

அவர் அமுக்கியதும் பெரியவரின் முகம் சுருங்கியது. முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் விரல் வைத்தபோது கையை இழுத்துக்கொண்டார். மட்டையே தொடாதவருக்கும் இந்த வலிக்குப் பெயர் 'டென்னிஸ் எல்போ'தான். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண் அந்த முனையில்தான் ஒட்டியிருக்கிறது. சுத்தியை இறுகப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டை நிலைநிறுத்த அந்தத் தசைகள் இழுபடுகின்றன.

"ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவர் கிளம்பவில்லை. இன்னும் கொஞ்சம் செதுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். சுத்தியின் பிடி மெல்லியதாக, வழவழவென்று இருந்தது. நழுவாமலிருக்க அவர் கூடுதலாக இறுக்கினார். உளியும் மழுங்கியிருந்தது. மழுங்கிய உளிக்கு அடியும் அதிகம் வேண்டும், வேகமும் அதிகம் வேண்டும். பிடியில் பழைய சைக்கிள் ட்யூப் சுற்றச் சொன்னார். மதியம் வரை காத்திராமல் உளியை அப்போதே உலையில் காய்ச்சித் தட்டித் தோய்க்கச் சொன்னார். வைத்தியத்தில் பாதி அங்கேயே முடிந்ததாக எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி மேசைக்கு இந்தக் கருவிகள் வருவதில்லை. சுத்தியும் உளியும் எப்படி இருக்கின்றன என்று அங்கே யாருக்குத் தெரியும்?

மீதிப் பாதி ஒரு தண்ணீர் பாட்டில். முன்கையைக் கல்மேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, பாட்டிலை இடக்கையால் தூக்கிக் கொடுத்து, வலக்கையால் மெல்ல, மெல்ல இறக்க வேண்டும். இறக்கும்போது நாணுக்குப் பலம் சேர்கிறது. வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

"ஊசி ஒண்ணு போட்டா உடனே சரியாயிடுமாமே?" என்றார் பெரியவர்.

ஸ்டீராய்டு ஊசியில் சில வாரம் சுகம் இருக்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்த ஆய்வுகளில், ஊசி போட்டவர்களுக்கே வலி திரும்புவது அதிகம். மருத்துவர் இதைப் பொறுமையாக, இரண்டு முறை சொன்னார்.

அடுத்த பட்டறையில் கட்டிங் மெஷின் பிடிக்கும் இளைஞர். ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கெடுகிறது, கையை உதறினால்தான் தேவலை என்றார். மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை வழியே வரும் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம் இது. மெஷினின் அதிர்வு இன்னொரு கேடு. 1918லேயே ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர், இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் பட்டறைகளில், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை எழுதிவைத்தார். நம் ஊர் வெக்கையில் வெளுப்பது கண்ணில் படாமல் போகலாம். மரத்துப்போவதற்குக் குளிர் தேவையில்லை.

இரவில் மணிக்கட்டை மடங்காமல் வைக்கும் பட்டையைக் கட்டிவிட்டார். மெஷினை இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னார். கட்டைவிரலடிச் சதை இன்னும் வற்றவில்லை என்று தடவிப் பார்த்துச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற இளைஞரின் அம்மா பெருமூச்சு விட்டார். அது வற்றிவிட்டால் மீட்பது கடினம்.

2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். படுத்துவிட்டவர்களுக்கு அது பெரிய உதவி. படுக்காமலிருக்கப் பாடுபடும் இந்தக் கைகளையும் அவர்கள் தேடி வர வேண்டும். வாரத்தில் ஒரு காலை, இந்தச் சாலைக்கு ஒருவரை அனுப்புங்கள்.