கோடும் கோடியும்

ஊர் பெருகும்போது முதலில் காணாமற்போவது ஒற்றையடிப் பாதைதான். அதற்காக யாரும் அழுவதில்லை. கார் வந்துவிட்டதென்று பெருமைப்படுகிறோம்.

கலிபோர்னியாவில் டேவிஸ் என்று ஒரு சிறிய சர்வகலாசாலை ஊர். 1960-களில் அங்கும் கார்கள் பெருகின. சைக்கிளில் போகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று. ஹாலந்தில் சில காலம் வாழ்ந்து திரும்பிய ஒரு பேராசிரியர் குடும்பம், சைக்கிளுக்குத் தனி வழி வேண்டுமென்றது. நகரசபை இசையவில்லை. 1966 தேர்தலில் அதையே பிரச்னையாக்கினார்கள். சைக்கிளின் கட்சி ஜயித்தது! ராஜ்யச் சட்டம் குறுக்கே நின்றது. அதையும் திருத்தி, 1967-ல் தெருவோரம் கோடு போட்டார்கள்.

பின்னால் செய்த காரியம் அதைவிட அழகு. புதிய குடியிருப்புகளில் மரநிழலில் நடைக்கும் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெரிய சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்க வழி. வீடு எழும்புமுன் இதற்கெல்லாம் வரைபடத்தில் ஒரு கோடு போதும். எழும்பிய பின் கோடி கொடுத்தாலும் இடம் கிடைப்பது அரிது.

நான் கதை எழுதுகிறவன். நகர அமைப்பு நிபுணனல்ல. ஆனால் ஓர் ஊர் நல்ல ஊரா என்று கேட்டால், துணையில்லாமல் பள்ளிக்கூடம் போய்வரும் குழந்தையைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்.