கத்தரிக்காய் மீது விழுந்த பழி

காணாக்கடி வந்தவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. நடுராத்திரியில் முதுகு, வயிறு, தொடை எல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து எழும்பும். சொறிந்து சொறிந்து விடிய வைத்து, டோக்கன் வாங்கி, மருத்துவர் முன்னால் போய் உட்காரும்போது தோல் மழமழவென்று இருக்கும். காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த நோயின் இயல்பே அதுதான். ஒரு தடிப்பு சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளைக்குள், தடம் வைக்காமல் அமுங்கிவிடும். அதற்குள் வேறோர் இடத்தில் புதிதாகக் கிளம்பியிருக்கும். இப்போது செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பது இன்னும் நல்லது. மறுநாளும் அந்தக் கோட்டுக்குள்ளேயே தடிப்பு நின்றால், அரிப்பைவிட வலி மிகுந்தால், அமுங்கிய இடம் கன்றிப்போய்க் கிடந்தால், அது வேறு வியாதியாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் அத்தைக்கு வருஷக்கணக்கில் இது இருந்தது. ஆனால் அவளிடம் கேட்ட நேரத்தில் காட்டக்கூடிய ஒன்றும் இருந்தது. முன்கையை நீட்டி வைத்துக்கொண்டு, கொண்டை ஊசியின் மழுங்கிய வளைவால் தோலில் அழுத்தி எழுதுவாள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கோடு சிவக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத்து மெல்ல மேலெழும்பி வரும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால்கூட என்ன எழுத்து என்று சொல்லிவிடலாம். எங்கள் பெயர்களையெல்லாம் அந்தக் கையில் பார்த்திருக்கிறோம். தங்கச்சிக்கு 'ழ' எழுத வராமல் அழுதபோது, அத்தை அதைத் தன் கையில் எழுதி, அவள் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் எழுத்து கரைந்து, கை வெறுங்கையாகிவிடும். அடுத்து யார் பெயர் என்று நாங்கள் சண்டை போடுவோம்.

அதே தோல்தான் பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் தடித்தது. குடம் உட்கார்ந்த இடுப்பில், ரவிக்கைக் கையின் விளிம்பில், கூடை மாட்டிய முழங்கையில் தடித்தது. எங்கே அழுத்தமும் உராய்வுமோ அங்கே அரிப்பு. எங்களுக்கு வேடிக்கையாக இருந்ததும் அவளுக்கு வேதனையாக இருந்ததும் ஒன்றுதான் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் இதையே ஆராய்ச்சியாகச் செய்தார். தோலில் அழுத்திக் கோடு கிழிப்பார். முதலில் சிவப்புக் கோடு, பிறகு அதைச் சுற்றிப் பரவும் செம்மை, கடைசியில் தடிப்பு. ஊசி முனையால் ஹிஸ்டமினைத் தோலில் செலுத்தினாலும் இதே மூன்றும் இதே வரிசையில் வந்தன. அடிபட்ட தோல் தனக்குள்ளிருந்தே ஹிஸ்டமின் போன்ற ஒரு பொருளை அவிழ்த்துவிடுகிறது என்று 1927-இல் தோலின் ரத்தக்குழாய்களைப் பற்றிய தன் புத்தகத்தில் எழுதினார். தோலில் மாஸ்ட் செல்கள் அந்த ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கின்றன என்பது இன்று தெரியும். அது வெளியே வந்ததும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிகின்றன. கசிந்த நீர்தான் தடிப்பு. நரம்பு நுனியை ஹிஸ்டமின் தூண்டுவது அரிப்பு. நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்குத் தோலில் எழுதினால் இப்படி எழும்பும். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இருக்காது.

லூயிஸுக்கு முந்தைய தலைமுறையில் நடந்தது வேறு. பாரிஸில் சால்பெட்ரியே என்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்த மருத்துவர்கள், இப்படி எழுத்து எழும்பும் தோலை மனக்கோளாறின் அடையாளமாகக் கருதினார்கள். பெண் நோயாளிகளின் முதுகில் எழுதினார்கள். எழுத்து புடைத்து வந்ததும் புகைப்படம் எடுத்தார்கள். நோயின் பெயரையே நோயாளியின் முதுகில் எழுதிய படமும் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை மட்டும் காட்டி நிற்கும் அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. தோல் அவர்களுடையது, அதில் என்ன எழுதலாம் என்று முடிவு செய்தவர்கள் வேறு யாரோ. அத்தை தன் கையில் தானே எழுதினாள், பிடித்த பெயரை எழுதினாள்.

ஆனால் அவளைப் பற்றியும் மற்றவர்கள்தான் முடிவு செய்தார்கள். கத்தரிக்காய் கரப்பான் என்றார்கள், நிறுத்தினாள். கருவாடு போயிற்று. நிலக்கடலை, வாழைக்காய், பாகற்காய், சோளம் என்று ஒவ்வொன்றாகப் போயின. எது போனாலும் தடிப்பு போகவில்லை. போகாதபோதெல்லாம், அவள் தெரியாமல் எதையோ தின்றிருக்கிறாள் என்று பேச்சு வந்தது. ஒருத்தியின் தட்டிலிருந்து ஒவ்வொரு ருசியாகப் பிடுங்கிவிட்டு, கடைசியில் அவளையே திருடி என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை.

கருவாட்டைச் சொன்ன பெரியவர்கள் பேச்சில் ஒரு பாதி உண்மை உண்டு. அயிலை, சூரை, சாளை மாதிரி மீன்களை ஐஸில் வைக்காமல் போட்டுவிட்டால், பாக்டீரியாக்கள் அவற்றின் தசையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. அந்த மீனைத் தின்றவர்களுக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும். ஆனால் பந்தியில் பலருக்குச் சேர்ந்து வரும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். உண்மையான உணவு ஒவ்வாமை என்றால் சாப்பிட்ட சில நிமிஷத்திலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ வரும். அதைத் தின்னும் போதெல்லாம் வரும். ஆறு வாரம் தாண்டியும் நாள்தோறும் வந்து போகும் காணாக்கடிக்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மாஸ்ட் செல்களைச் சீண்டிவிடுகிறது.

அதற்கு வைத்தியமும் எளிதாகத்தான் தொடங்குகிறது. டேனியல் போவே என்ற விஞ்ஞானி 1937-இல் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் மருந்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பழைய வகையைச் சேர்ந்த அவில் மாத்திரை மூளைக்குள்ளும் போகும். அத்தை அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள், அதற்கும் திட்டு வாங்குவாள். இப்போதைய செட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் எல்லாம் அவ்வளவு தூக்கம் தராதவை. தடிப்பு வந்த பிறகு தேடி ஓடுவதற்குப் பதில், மருத்துவர் சொன்ன அளவில் தினமும் போட்டுவர வேண்டும். அடங்காவிட்டால் அளவைக் கூட்டுவார், நான்கு மடங்கு வரைகூட. அதற்கும் அடங்காவிட்டால் ஒமலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஸ்டீராய்டு மாத்திரையைத் திரும்பத் திரும்ப விழுங்குவது ஆபத்து. வெந்நீர்க் குளியலும் இறுக்கமான உடையும் அரிப்பைக் கூட்டும். கம்பளியால் தேய்த்தால் தேய்த்த இடமெல்லாம் எழும்பும். ஈரத்துணி ஒற்றினால் இதமாக இருக்கும். சில வலி மாத்திரைகள் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாக்கு வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பலருக்குச் சில வருஷங்களில் இது தானாகவே நின்றுவிடும். அத்தைக்கும் நின்றது. விலக்கிய பண்டங்களை மட்டும் அவள் திரும்பத் தொடவே இல்லை.

போன மாதம் அவளுடைய பேத்தி போனில் கூப்பிட்டாள். அவளுக்கும் வந்திருக்கிறது. தோல் மருத்துவர் தைராய்டு வரைக்கும் பரிசோதித்துவிட்டு, தினமும் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்; சாப்பாட்டில் தடை எதுவும் சொல்லவில்லை. வீட்டில் பட்டியல் தொடங்கிவிட்டது.

"கத்தரிக்காயத் தொடாதேங்கிறாங்க மாமா. எனக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்னா உயிரு."

தின்னும் போதெல்லாம் வருகிறதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, இல்லை, தின்னாத நாளிலும் வருகிறது என்றாள்.

"அப்போ சாப்பிடு தாயி. யாராவது ஏதாவது சொன்னா என்கிட்ட பேசச் சொல்லு."