ஒரு மொறிஸ் பிக்கப்பின் மறுவாழ்வு

யாழ்ப்பாணத்தில் பழைய மோட்டார் வண்டி என்றுமே ஆடம்பரப் பொருளாக இருந்ததில்லை. ஒஸ்ரினும் மொறிஸும் இங்கு அத்தனை காலம் உழைத்தமைக்குக் காரணம் அவற்றின் மீதிருந்த காதல் அன்று. பெரும்பாலும் வேறு வழியின்மையே ஆகும். ஆதலின், வலிகாமத்துச் செம்மண் கிராமமொன்றில், வீட்டின் பின்வளவு மாட்டுக்கொட்டிலில் வைத்து மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றுக்கு நிசான் எஞ்சின் பொருத்தப்பட்ட வரலாற்றை வெறும் பொழுதுபோக்கின் கதையெனக் கொள்ளுதல் பொருந்தாது.

1961இல் உருவான அவ்வண்டி கால் தொன் பாரம் ஏற்றவெனச் செய்யப்பட்டது. மைனர் காருக்கு உடலே சட்டகம். பிக்கப்புக்கோ தனியாக இரும்புச் சட்டமுண்டு. மேற்தகரம் துருவேறி உதிர்ந்த பின்னரும் வண்டி பிழைத்தது அதனாலேதான். அதன் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் முப்பதாண்டுகள் சுன்னாகச் சந்தைக்கு வெங்காயமும் புகையிலையும் சுமந்தது. அதுபற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் உண்மையான சோதனை 1990இல் தொடங்கியது.

போர் மீண்டும் மூண்ட அவ்வாண்டில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொள்ளும் என்பதைக் குடாநாட்டார் விரைவிலேயே கண்டுகொண்டனர். ஆயினும், குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். அந்தக் கணத்தை வண்டிக்காரர் காதினாலேயே அறிவார். எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி மசகெண்ணெயோடு கலக்கும், எண்ணெய் நீர்த்துப்போகும், பெயாரிங்குகள் தேயும். மண்ணெண்ணெயில் ஓடிய ஒவ்வொரு மைலும் எஞ்சினின் ஆயுளிலிருந்து கடனாகப் பெற்ற மைலே.

அக்கடனிற் பெரும்பகுதி 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு பெறப்பட்டது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அவ்விரவில், நாவற்குழிப் பாலத்தை நெருக்கிய சனத்திரளினூடே அவ்வண்டியும் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. பின்பெட்டியில் பதினொருவர், அவருள் நடக்கவியலாத முதியவள் ஒருத்தி. விடியுமுன் எஞ்சினின் அடியில் தட்டல் ஒலி கேட்கத் தொடங்கிற்று. ஆயினும், அது நிற்கவில்லை. 1996இல் குடும்பம் ஊர் திரும்பியபோது வண்டியும் திரும்பியது; கயிறு கட்டி இழுத்துவரப்பட்டது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட, ஓடக்கூடிய எதற்கும் நெருங்கவொண்ணா விலை ஏறியது. தொழினுட்பக் கல்லூரியிற் பயின்ற மகன் கொட்டிலைத் திறந்தான். தகப்பனார் கூறியது ஒன்றே: “எதையும் செய், தம்பி. எஞ்சினை மட்டும் கழட்டாதை.”

பழைமை பேணுவோரும் இதனையே கூறுவர். காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு அவ்வாதம் தகும். வெங்காயம் சுமக்கப் பிறந்த வண்டிக்கு ஓடாதிருத்தலைவிடப் பெரிய குறை வேறில்லை. எஞ்சினின் சுழற்றித்தண்டோ ஏற்கெனவே இருமுறை கடையப்பட்டது. மீண்டும் கடைய அதில் உலோகமில்லை. மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனினும், முதியவரின் மறுப்பு பழைமைப் பற்றினால் எழுந்ததன்று. ஐந்தாண்டுகள் அவர் கற்ற வித்தை முழுவதும் அந்த இரும்புக்கட்டியிலேயே இருந்தது.

இறுதியில் அவர் வாய்திறந்து இசையவில்லை. வேம்பின் கிளையிற் சங்கிலிக் கப்பி கட்டப்பட்டபோது கிளையின் உறுதியைத் தட்டிப்பார்த்தார். மகன் அதனையே சம்மதமாகக் கொண்டான்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய நிசான் ஏ12 எஞ்சின் 1171 கன சென்ரிமீற்றர் கொண்டது. மொறிஸின் தண்டை மூன்று பெயாரிங்குகள் தாங்க, இதனை ஐந்து தாங்கும். அதனை இருத்தப் புதிய தாங்கிகள் ஒட்டப்பட்டன. ஐந்து கியர்ப்பெட்டிக்கு ஏற்ப நடுத்தண்டு வெட்டி அளவாக்கப்பட்டது. மொறிஸில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும், நிசானுக்கு எதிர்முனை. ஆகவே, மின்கம்பிகள் யாவும் புதிதாயின. வலு கூடியமையால் முன்சில்லுகளின் 7 அங்குலப் பிறேக்குகளும் போதா. 1962இன் பின் வந்த மைனரொன்றின் 8 அங்குலப் பிறேக்குகள் தேடிப் பொருத்தப்பட்டன. (வேகத்தை முதலிலும் பிறேக்கைப் பின்னரும் நினைப்போர் எம்மிடையே பலர்.) எஞ்சின் இலக்கத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவதற்கான அலைச்சலைத் தனியே எழுத வேண்டும்.

வேலை முடிந்த 2022 நடுப்பகுதியில் நாட்டிலேயே பெற்றோல் இல்லை. நிரப்பு நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை, மண்ணெண்ணெயும் அரிது. கிடைத்தாலும், அழுத்தம் மிகுந்த புதிய எஞ்சினுக்கு அது நஞ்சு. பொருத்திய எஞ்சின் உயிருள்ளதா என்று அறியவும் வழியில்லாதிருந்தது. முதியவர் உள்ளே சென்று, மூடியில் துளையிட்ட சிறு மருந்துப்போத்தலொன்றை எடுத்துவந்தார். அயலவரின் மோட்டார்ச் சைக்கிளிலிருந்து இரந்து பெற்ற பெற்றோல் அதில் இரண்டு விரற்கடை நின்றது. மகனை விலகச்சொல்லி, காபரேற்றரின் வாயில் அளந்து துளித்தார். எஞ்சின் பற்றிக்கொண்டது.

தலையைச் சாய்த்துச் சிறிதுநேரம் கேட்டபின், “சத்தமே இல்லை. ஓடுதோ?” என்றார்.

பிக்கப் இப்போது வாரத்தில் மூன்று நாள் சந்தைக்குப் போகின்றது, ஓட்டுபவன் மகன். கழற்றிய எஞ்சினை வாங்க இருவர் வந்து வெறுங்கையோடு திரும்பினர். கொட்டிலில் இரண்டு பழைய ரயர்களின் மேல், சாக்கு மூடி அது கிடக்கின்றது. வெள்ளிக்கிழமைகளில் முதியவர் பிளக் துவாரங்களில் எண்ணெய் விட்டு, இறுகிப்போகாதிருக்கக் கைபிடியால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகின்றார்.