பாதியில் நின்ற பாட்டை முடித்துவைத்தவருக்கு

அன்புள்ள எம்.எஃப். டூம் அவர்களுக்கு,

இந்த மடல் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். 2020 அக்டோபர் 31-ல் நீங்கள் காலமானீர்கள். செய்தி வெளியே தெரிய டிசம்பர் 31 ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் நீங்கள் இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே உங்கள் ராப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களை எனக்குக் காட்டியவன் என் தம்பி. "எதுகை, மோனைன்னு உயிரை விடுவியே, இந்த ஆளைக் கேளுண்ணா" என்று இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினான். இசைத் தயாரிப்பாளர் மேட்லிப்புடன் நீங்கள் 2004-ல் செய்த 'மேட்வில்லனி' ஆல்பம். பெரும்பாலான பாட்டுகளுக்குப் பல்லவியே இல்லை. வரியின் முடிவில் மட்டுமா, நடுவிலும் அசைக்கு அசை ஒலி இணைந்து வந்தது. பாதி ஆங்கிலம் புரியவில்லை; காதுக்கு எல்லாம் புரிந்தது.

என் தம்பி இறந்துபோன பிறகுதான் உங்கள் கதையைத் தேடிப் படித்தேன். லண்டனில் பிறந்து, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தீர்கள். உங்கள் தம்பி சப்ராக்கோடு சேர்ந்து கே.எம்.டி. என்ற ராப் குழு, 1991-ல் முதல் ஆல்பம். இரண்டாவது முடியும் தறுவாயில், 1993-ல், நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கார் மோதி சப்ராக் இறந்தார். வயது 19. மிச்ச வேலையை நீங்கள் தனியாக முடித்தீர்கள். கறுப்பர்களைக் கேலிசெய்யும் பழைய பொம்மை உருவம் தூக்கில் தொங்குவதாக அட்டைப்படம் வரைந்தீர்கள். அந்த இழிவு சாகட்டும் என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்தப் படம் சர்ச்சையாகி, 1994-ல் எலெக்ட்ரா இசை நிறுவனம் ஆல்பத்தை வெளியிடாமலே உங்களைக் கைவிட்டது.

தம்பியும் இல்லை, பிழைப்பும் இல்லை. சில வருடங்கள் உங்களை யாரும் மேடையில் பார்க்கவில்லை. பிறகு நியூயார்க்கின் நுயோரிகன் கவிஞர் கஃபேயில், காலுறைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு மைக் முன் வந்து நின்றீர்கள். அந்தத் துணியே பின்னாளில் உலோக முகமூடி ஆனது. காமிக்ஸ் வில்லன் டாக்டர் டூமின் சாயலில் பெயரும் வந்தது. 1999-ல் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே'. முகத்தை விற்கும் தொழிலில் இருந்துகொண்டு, சொல்லை மட்டும் கேளுங்கள் என்றீர்கள். முதல் நன்றி அதற்கு.

இரண்டாவது நன்றிதான் பெரியது. என் தம்பி தமிழில் ராப் எழுதுவான். அவன் விட்டுப்போன நோட்டில் கடைசிப் பாட்டு பாதிப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு வருஷம் அந்த நோட்டை நான் தொடவில்லை. தடுக்கப்பட்ட உங்கள் ஆல்பம் பல ஆண்டுகள் கழித்து முறையாக வெளியானது அல்லவா, அதை ஒரு ராத்திரி கேட்டேன். சப்ராக்கின் குரல் அதில் அப்படியே இருக்கிறது. தம்பியின் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத்தானே நீங்கள் மிச்சத்தை முடித்திருப்பீர்கள்? எத்தனை முறை நிறுத்தி, எத்தனை முறை மறுபடி போட்டீர்களோ.

மறுநாள் நோட்டைத் திறந்தேன். அவன் நிறுத்திய வரிக்குக் கீழே என் கையெழுத்தில் எட்டு வரி எழுதினேன். அவன் திதியன்று மொட்டைமாடியில் அவன் நண்பர்கள் முன்னால் முழுப் பாட்டையும் சொன்னேன். ஒருவன் தண்ணீர் டிரம்மைத் தட்டித் தாளம் கொடுத்தான்.



இப்படிக்கு,
ஒரு தம்பியின் அண்ணன்