முதலில் பொருந்துகிற விதி

மெயில் வரலைன்னா நாம முதல்ல திட்டுறது நெட்டை. அடுத்து, அனுப்பினவங்களை. நடுவுல ஒரு காவல்காரன் நிக்கிறாங்கிறது ஞாபகத்துக்கே வராது.

போன பிளேஸ்மென்ட் சீசன்ல எங்க வகுப்பில் மூணு பேருக்கு ஒரே கம்பெனி இன்டர்வியூ மெயில் அனுப்பியது. ரெண்டு பேருக்கு இன்பாக்ஸில் வந்துவிட்டது. மூணாவது தோழிக்கு வரவில்லை. மறுநாள் காலை நாகர்கோவிலில் இன்டர்வியூ. “எலே மக்கா, எனக்கு மட்டும் ஏம்ல வரல?” என்று அழாத குறை. மெயில் அட்மின் சார் தேடினார், குவாரன்டைனில் கிடந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, காரணத்தையும் விளக்கினார்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் ஸ்பேம் பாலிசி பெறுநரைப் பார்த்துப் பொருந்தும்: தனிநபர், குழு, டொமைன். நாமே எழுதும் பாலிசிகளுக்கு முன்னுரிமை எண் உண்டு. 0 தான் முதலிடம். மேலிருந்து வரிசையாகப் பார்த்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். எதிலும் சேராதவர்களுக்கு டீஃபால்ட் பாலிசி.

மொத்தமாகப் போகும் மெயிலுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் உண்டு. டீஃபால்ட்டில் வரம்பு 7. கடுமையான பாலிசிக்குப் பரிந்துரைக்கப்படுவது 5. அந்த மெயில் வாங்கியது 6. தோழி டெக் ஃபெஸ்ட் கணக்குக் குழுவிலும் இருந்தாள். பணம் புழங்கும் இடம் என்று அந்தக் குழுவுக்குக் கடுமையான பாலிசி. ஆக, அவளுக்கு மட்டும் கதவு சாத்திவிட்டது.

“அப்போ அந்தக் கம்பெனி டொமைனை அப்படியே அனுமதிச்சிரலாமே சார்?” என்றோம். அது, கல்யாண வீட்டில் “மாப்பிள்ளை வீட்டு ஆள்” என்று சொன்ன எல்லாரையும் பந்தியில் உட்கார வைக்கிற மாதிரி. மெயிலில் அனுப்புநர் முகவரியே ரெண்டு: கவர்மேல் ஒன்று, உள்ளே நம் கண்ணுக்குத் தெரிவது இன்னொன்று. எஸ்.பி.எஃப். கவரைச் சோதிக்கும், டிகிம் டிஜிட்டல் கையொப்பத்தைச் சோதிக்கும். இவற்றில் ஒன்றாவது தேறி, நம் கண்ணில் படும் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது டிமார்க். தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்று எழுதி வைப்பது அனுப்புகிற டொமைன். செய்வது பெறுகிற சர்வர். தினம் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் இது கட்டாயம்.

பாலிசிக்கு நம்மைத் தெரியாது. நம் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் தெரியும். அதனால் மக்களே, புதுக் குழுவில் சேர்த்தால் அதற்கு என்ன பாலிசி என்று கேட்டு வையுங்கள். பிளேஸ்மென்ட் முடியும்வரை ஜங்க், குவாரன்டைன் ரெண்டையும் தினம் ஒருதரம் எட்டிப் பாருங்கள்.