எந்தத் தண்ணீர்?

வில்லாவுட் என்றதும் எம்மவர்க்கு நினைவு வருவது தடுப்பு முகாம்தான். முகாமை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்ட எங்களுக்கு இன்னொன்றும் தெரியும். அடுத்த ரெயில் நிலையமான கரமார் பக்கம் புறொஸ்பெக்ட் என்றொரு ஓடை போகிறது. அது ஜோர்ஜஸ் ஆற்றில் விழும். 1986இலும் 1988இலும் அந்த வட்டாரத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதன்பிறகு தூண்களில் உயர்த்தப்பட்ட பலகை வீடுகளை இன்றும் அங்கே காணலாம்.

ஓடைக்கரை வீடு மலிவு. மலிவான இடத்துக்குக் கடைசியாக நாட்டுக்கு வந்தவர்கள்தான் போவார்கள்.

நாங்கள் நாலு பேரும் ஒரே உணவகத்தின் குசினியில் வேலை. கோப்பை கழுவுவது முதல் கறி காய்ச்சுவது வரை எங்கள் பாடு. எங்களில் மூத்தவர் 2010இல் வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவர். அண்ணன் என்றே கூப்பிடுவோம். பதின்மூன்று வருஷ உழைப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஓடைக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு வாங்கினார். இணைப்பு விசாவோடு இழுபடுகிற மற்ற மூவரும் அதில் வாடகைக்கு இருக்கிறோம்.

வருஷத்துக்கொருமுறை காப்புறுதிக் கடிதம் வரும். அண்ணன் அதைக் கொண்டுவந்து எங்கள் கையில் தருவார். பாதியில் விட்ட பல்கலைக்கழகப் படிப்புக்கு இந்த நாட்டில் கிடைத்த உத்தியோகம், மற்றவர்களின் கடிதங்களை வாசித்துச் சொல்வதுதான். இம்முறை வந்த கடிதத்தில் இரண்டு தொகைகள் இருந்தன. வெள்ளத்தையும் சேர்த்தால் ஒன்று. வெள்ளத்தை விட்டால் அதில் நாலில் ஒன்று.

வெள்ளம் என்றால் என்னவென்றும் எழுதியிருந்தது. ஆறு, ஓடை, ஏரி, அணை போன்றவற்றின் வழக்கமான எல்லையை மீறிவந்து, காய்ந்த நிலத்தை மூடுகிற நீர் வெள்ளம். கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும் மழை வேறு கணக்கு. 2011இல் பிறிஸ்பேனில் ஆறு பெருகியபோது கொம்பனிக்கொரு விளக்கம் இருந்தது. காப்புறுதி வைத்திருந்தும் பலர் வெறுங்கையோடு நின்றார்கள். அதனால்தான் 2012இல் சட்டத்தைத் திருத்தி ஒரே விளக்கம் கொண்டுவந்தார்கள்.

அண்ணன் கேட்டார்: "தம்பிமாரே, வீட்டுக்க வந்த தண்ணியிட்ட நீ ஆத்துத் தண்ணியா மழைத் தண்ணியா எண்டு ஆரு கேக்கிற?"

காப்புறுதி என்பது ஒரு பெரிய சீட்டு. கனபேர் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட, அடிபட்ட சிலர் எடுப்பார்கள். கொம்பனிகளும் தங்கள் நட்டத்துக்குப் பயந்து மியூனிக், சூரிச் நகரங்களிலுள்ள மீள்காப்புறுதி நிறுவனங்களிடம் காப்புறுதி எடுக்கின்றன. மியூனிக் றீ என்ற நிறுவனம் 1973இலேயே பூமி சூடாவதைப் பற்றி எழுதியது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். பிறகு அதைக் கொட்டும். 2022 பெப்ரவரி 28இல் லிஸ்மோரில் ஆறு 14.4 மீற்றருக்கு ஏறியது. முன்னைய உச்சத்தைவிட இரண்டு மீற்றர் கூட. குயின்ஸ்லாந்தையும் நியூ சவுத் வேல்ஸையும் அடித்த அந்த வெள்ளத்துக்குக் கொம்பனிகள் கொடுக்கவேண்டி வந்தது 500 கோடி டொலருக்கும் மேல். அந்தச் செலவு இப்போது கடிதம் கடிதமாய் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவாய் வருவதில்லை. இன்று ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்தில் தனித்தனியாய்ப் பார்த்து விலை போடுகிறார்கள். மேட்டுக்காரர் குறையக் கட்டுகிறார். பள்ளத்துக்காரர் கட்டமுடியாமல் சீட்டை விட்டே விழுகிறார். 2022 யூலையில் அரசாங்கம் 1000 கோடி டொலர் உத்தரவாதத்தோடு சூறாவளிக்கென ஒரு பொது நிதியைத் தொடங்கியது. சூறாவளியோடு வரும் வெள்ளத்துக்கும் அது உதவும். லிஸ்மோரை மூழ்கடித்த மழை சூறாவளியோடு வந்ததல்ல. அழிவுக்குப் பின்னர் அரசு தருகிற கைப்பணம் பெரியவருக்கு 1000 டொலர், பிள்ளைக்கு 400. நிரந்தர வதிவுள்ளவர்க்கும் குறிப்பிட்ட சில விசாக்காரர்க்கும் அது உரியது. தண்ணீரிடம் பெயர் கேட்பதுபோல எங்களிடம் விசா கேட்பார்கள்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது எங்கள் தாய்மார்க்குக் காப்புறுதி என்ற சொல்லே தெரியாது. கூரை போன வீடுகளுக்குக் காற்றுப் படாத ஊர்களிலிருந்து கிடுகும் அரிசியும் வந்ததாகச் சொல்வார்கள். வாங்கியவர்கள் அதைக் கடனாகவே நினைத்திருந்தார்கள். அடுத்த முறை எந்த ஊரின் முறை என்று யாருக்குத் தெரியும்?

இந்த வருஷம் வெள்ளத்தையும் சேர்த்தே கட்டுவதென்று முடிவு. வாடகைக்கு மேலே கிழமைக்குக் கொஞ்சம் போடுவதாய் நாங்கள் மூவரும் சொன்னோம். அண்ணன் முதலில் மறுத்தார், பிறகு பேசாமல் இருந்தார். அடுத்த வருஷக் கடிதத்தில் தொகை இன்னும் கூடும். அப்போது எங்கள் சீட்டு தாங்காது. அதில் இருக்கிற நாலு பேரும் ஒரே ஓடைக்கரையில் அல்லவா இருக்கிறோம்? சீட்டு நிலைக்கவேண்டுமானால் மேட்டில் இருப்பவரும் அதில் சேரவேண்டும்.